காதுக்காக வந்தவர்கள்

பிளாஸ்டிக் சர்ஜரி என்று எழுதிய பலகைக்குக் கீழே நான்கு பெஞ்சுகள். ஓ.பி. சீட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அழகுக்காக வந்தவர்கள் அல்லர். ஸ்டவ் வெடித்ததில் கழுத்துத் தோல் தாடையோடு ஒட்டிப்போன ஒரு பெண். கரும்புச்சாறு மெஷினில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்த இளைஞன். சர்க்கரைப் புண் ஆறாத காலைப் பெஞ்சின் மேல் நீட்டியிருக்கும் பெரியவர். தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் இந்தப் பிரிவு இப்படித்தான் இருக்கும். சினிமாக்காரர்கள் மூக்கைத் திருத்திக்கொள்ளும் இடம் என்று நினைத்து வருகிறவர்கள் வாசலிலேயே கொஞ்சம் தயங்கிப்போவார்கள்.

அப்படித் தயங்கி நிற்கிறது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, நடுவில் பத்து வயதுப் பையன். பையனுக்கு முடி காதை மூடி வளர்ந்திருக்கிறது. கையை எடுத்து எடுத்து அதை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறான். ஃபேன் காற்று முடியைத் தூக்கும்போது மட்டும் தெரிகிறது: இரண்டு காதுகளும் தலையை விட்டு விலகி விடைத்து நிற்கின்றன. அப்பாவுக்கும் அதே காதுதான். அவர் தலையை ஒட்ட வெட்டியிருக்கிறார். மறைக்க வேண்டிய வயதைத் தாண்டி வந்துவிட்டவர்.

உறவினர் ஒருவரின் கைக்கட்டு மாற்றுவதற்குத் துணையாக வந்த எனக்கு இங்கே காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை.

"இவுக அப்பாவுக்கும் இப்படித்தான், தாத்தாவுக்கும் இப்படித்தான்" என்று அந்த அம்மா பக்கத்து இருக்கைக் கிழவியிடம் சொல்கிறார். யாரும் கேட்காமலே சமாதானம் சொல்கிற குரல். "முடிய வெட்டிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேங்கிறாராம் பி.டி. சார். வெட்டினா முறக்காதன்னு கூப்பிடுறாங்களாம். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புறப்பல்லாம் வயித்த வலிக்குதுங்கிறான்."

"காது பெருசா இருந்தா ஆயுசு கெட்டி தாயி" என்கிறார் கிழவி.

பையன் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்க்கிறான். பார்த்த கண்ணை எடுக்கவில்லை. அவருடைய காது அப்படி. மடலின் சோணை நீண்டு, வளையமாகத் தோளைத் தொடும் அளவுக்குத் தொங்குகிறது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் பாம்படமும் தண்டட்டியும் கிடந்த காது. பிறந்த சில நாளில் துளையிட்டு, பஞ்சுத்திரி செருகி, திரியைத் தடித்துக்கொண்டே போய், பிறகு குணுக்கு மாட்டி இழுத்து வளர்த்த காது. பாம்படத்தை விற்றுத்தான் மகனைப் படிக்கவைத்தாராம். நகை போனது, காது அப்படியே நின்றுவிட்டது. தையில் பேத்திக்குக் கல்யாணம். சபையில் வெறுங்காதோடு நிற்கக் கூசுகிறது என்று பேரன் கூட்டிவந்திருக்கிறான். "அப்பத்தா, கொஞ்சம் சும்மா இரு, பேரு கூப்பிடப்போறாங்க" என்று அவன் அடக்குகிறான். கிழவி அடங்குவதாக இல்லை.

காது வளர்ப்பதைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட தென்னிந்திய வழக்கங்கள் பற்றிய நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, துளையில் திரி வைத்துப் படிப்படியாகப் பெரிதாக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை சொல்கிறது. அறுந்துபோன காதை ஒட்டுவதற்குப் பதினைந்து வகை முறைகளையும் அது வரிசைப்படுத்துகிறது. காது அறுந்தால் தைக்கத் தெரிந்தவர்கள் இந்த மண்ணில் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். இந்த வைத்தியத்தை மேல்நாட்டு நாகரிகம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த அப்பத்தாவைத்தான் வந்து பார்க்க வேண்டும்.

காதுக்காக வந்த மூன்றாவது ஆள், ஓரத்தில் துப்பட்டாவைத் தலையைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் இளம்பெண். அவருடைய இடது காதின் துளை, ஜிமிக்கியின் கனத்தில் வருஷக்கணக்காக இறங்கி இறங்கி, கடைசியில் மடலின் அடிவரைக்கும் பிளந்துவிட்டது. கைக்குழந்தை இழுத்தது கடைசி இழுப்பு. 'கிழிந்த காது வலியின்றி ஒட்டப்படும்' என்று பலகை வைத்திருந்த ஒரு பார்லரில் ஏதோ அமில மருந்தைத் தடவி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது சில வாரம் நின்றது. பிறகு பிளவும் திரும்பிவந்தது, தோல் வெந்த தழும்பும் கூடச் சேர்ந்துகொண்டது. பிளவின் ஓரங்களில் ஏற்கெனவே தோல் மூடியிருக்கும். தோலோடு தோல் ஒட்டாது. அந்தத் தோலைச் சீவி எடுத்து, உள்ளே இருக்கும் பச்சைச் சதையைப் பச்சைச் சதையோடு சேர்த்துத் தைத்தால்தான் சேரும். அடி விளிம்பை நேர்க்கோட்டில் தைத்துவிட்டால் தழும்பு சுருங்கி அங்கே ஒரு பள்ளம் விழும் என்பதால் தையலைக் கொஞ்சம் வளைத்தும் கோணலாகவும் கொண்டுபோவார்கள். மரத்துப்போக ஊசி போட்டு அரை மணியில் முடிகிற வேலை. அதற்குத் தெரிந்த கை வேண்டும். அமிலம் தடவுகிறவர்களிடம் அது இல்லை.

சிஸ்டர் வந்து அந்தப் பெண்ணின் சட்டைக் கையை மேலே ஏற்றச் சொல்கிறார். காதுக்கு வந்தவளுக்குக் கையில் என்ன பார்வை என்று எல்லோரும் திரும்புகிறோம். பிறந்ததும் பி.சி.ஜி. ஊசி போட்ட இடத்தைப் பார்க்கிறார். அந்தத் தழும்பு தட்டையாக இருந்தால் நல்லது. தடித்துப் பளபளத்துப் புடைத்திருந்தால் காதிலும் அப்படிப் புடைக்கலாம். கெலாய்டு என்பார்கள். நம் தோல் நிறத்தில் அதற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், காது மடல் அது விரும்பி வளர்கிற இடங்களில் ஒன்று. இவருக்குத் தட்டைதான். சிஸ்டர் சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போகிறார்.

பையனின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். டாக்டரின் அறைக்குக் கதவு இல்லை, ஒரு பச்சைத் திரைதான். முதல் பெஞ்சில் இருப்பவர்களுக்கு உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும், பாதி தெரியும்.

டாக்டரம்மா முதலில் அப்பா அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, உனக்கு எதுக்கு வந்திருக்கோம்னு தெரியுமா?"

"காதுக்கு."

"உனக்கு வேணும்னு வந்தியா, அம்மாவுக்கு வேணும்னு வந்தியா?"

பையன் அம்மாவைப் பார்க்கிறான். "அம்மாவப் பாக்காம சொல்லு" என்கிறார் டாக்டரம்மா. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எனக்குத்தான். முடி வெட்டிக்கணும்" என்கிறான்.

இந்த ஒரு கேள்விக்காகவே அந்த டாக்டரை நான் மதிக்கிறேன். காது ஐந்தாறு வயதிலேயே பெரியவர்களின் அளவில் பெரும்பகுதியை எட்டிவிடும். அதற்குப் பிறகு செய்தால் வளர்ச்சிக்குப் பெரிய பாதகம் இல்லை. ஆனால் அந்த வயதில் செய்யலாம் என்பதும் செய்தே ஆக வேண்டும் என்பதும் வேறு வேறு. தன் காதைப் பற்றிக் கவலையே இல்லாத பிள்ளையை, சொந்தக்காரர்கள் சொன்னார்கள் என்று மேஜையில் படுக்கவைப்பது தவறு. அவனாகக் கேட்கிறவரை காத்திருக்கலாம். இருபதிலும் நாற்பதிலும்கூடச் செய்துகொள்கிறார்கள். தானாகக் கேட்ட பிள்ளைதான் பின்னால் வரும் கட்டையும் வலியையும் பொறுத்துக்கொள்வான்.

ஒரு சிறிய ஸ்கேலைக் காதின் பின்புறம் வைத்து, தலை எலும்பிலிருந்து மடலின் விளிம்புவரை அளக்கிறார். பொதுவாக இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும். இவனுக்கு அதைத் தாண்டுகிறது. பிறகு கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, விரலால் மடலைப் பின்னால் மெல்ல அழுத்துகிறார். வெளி விளிம்புக்கு உட்புறமாக இரண்டாவது மேடு ஒன்று எழுந்து நிற்கிறது. படிக்கிறவர்கள் தங்கள் காதைத் தொட்டுப் பார்க்கலாம்: அந்த மேடு கீழிருந்து ஏறி, மேலே இரண்டாகப் பிரியும். அந்த மடிப்புதான் காதைத் தலையோடு சாய்த்து வைக்கிறது. இந்தப் பையனுக்கு அது பிறவியிலேயே சரியாக விழவில்லை. சிலருக்கு மடிப்பு இருக்கும், ஆனால் காதுத் துளையைச் சுற்றியுள்ள குழி ஆழமாகி மடலை வெளியே தள்ளும். சிலருக்கு இரண்டும். எது காரணமோ அதற்குத் தகுந்த வேலை.

மேஜையில் கிடந்த ஒரு காலண்டர் அட்டையை எடுத்து வளைத்துக் காட்டுகிறார். "அட்டைய வளச்சுப் பிடிச்சா மடியுது, விட்டா நிமிருது. பின்பக்கம் நூல் போட்டுக் கட்டிட்டா நிமிராது இல்லையா? காதுக்குள்ள இருக்கிற குருத்தெலும்புல அதத்தான் செய்யப்போறேன். காதுக்குப் பின்னாடி கீறித் தோல விலக்கி, கரையாத தையல் போட்டு மடிப்ப நிறுத்துவேன். குழி ஆழமா இருந்தா அதையும் பின்னாடி எலும்பு மேல இருக்கிற சவ்வோட சேத்துத் தைப்பேன்."

காதுக்குள் நூல் போட்டு மடிப்பை உண்டாக்கும் முறையை ஸ்காட்லாந்தில் பணியாற்றிய ஜாக் மஸ்டார்டே என்ற அறுவை மருத்துவர் 1963-இல் விவரித்தார். அதற்கு முன்னால் பெரும்பாலும் தோலையும் குருத்தெலும்பையும் வெட்டித்தான் காதைச் சாய்த்தார்கள். விடைத்த காதுக்கான முதல் அறுவை என்று மருத்துவ உலகம் குறிப்பிடுவது 1881-இல் நியூயார்க்கில் எட்வர்ட் டால்பாட் ஈலி செய்ததை. நோயாளி பன்னிரண்டு வயதுப் பையன். கூட இருந்த பிள்ளைகளின் கேலி தாங்காமல் வந்தவன். நூற்று நாற்பது வருஷத்துக்குப் பிறகும் பள்ளிக்கூடங்கள் மாறவில்லை.

உள்ளே அம்மா கேட்கிறார்: "காது கேக்குறதுல ஏதும் கொற வருமா?"

"வராது. கேக்குற வேலை உள்காதுல நடக்குது. நாங்க வெளி மடலத்தான் தொடுறோம். கூடவும் கேக்காது, கொறயவும் கேக்காது."

"தழும்பு?"

"பின்பக்க மடிப்புல ஒரு கோடா இருக்கும். ரெண்டு காதும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா வரும்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. இப்பவே ரெண்டும் ஒண்ணா இல்ல, யாருக்குமே இருக்காது. கொஞ்ச வித்தியாசம் இருக்கும். சில பேருக்குத் தையல் தளர்ந்து காது கொஞ்சம் முன்னுக்கு வந்துரும், திரும்பச் செய்ய வேண்டியிருக்கலாம்."

இதைச் சொல்லாமல் விடுகிற டாக்டரிடம் போகாதீர்கள் என்பேன். தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இன்னும் இரண்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கத்தி வைக்கப்போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. படித்தவரா, அல்லது காது அமைப்பில் பழகிய இ.என்.டி. சர்ஜனா? செலவு யாருடையது? அழகுக்கான அறுவை என்று எழுதிவிட்டால் மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கைவிரித்துவிடும்.

அதுவரை வாயைத் திறக்காத அப்பா, வெளியே பெஞ்சுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "வெளிய தீக்காயத்தோட அவ்வளவு பேரு உக்காந்திருக்காங்க. நாங்க இதுக்குப்போயி வந்தது தப்பாம்மா?"

"அவங்க முறைய எடுத்துக்கிட்டா தப்பு. உங்க முறைக்குக் காத்திருந்துதானே வந்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். தன் சின்ன வயதில் இதே முறக்காதன் பட்டத்தைக் கேட்டு வளர்ந்த மனிதர் என்பது அந்தக் குனிதலில் தெரிகிறது. உயிருக்கு ஆபத்தில்லாத வேதனைகளையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு சட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடம் என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு அந்தச் சட்டம் உதவாது. கேலி செய்கிறவர்களைத் திருத்த வேண்டியது முதல் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் திருந்துகிறவரை இவன் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தடுத்த வருகைகளில் அந்தக் குடும்பத்தை வார்டிலும் வராந்தாவிலும் பார்க்க முடிந்தது. குழந்தைக்கு முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள். பெரியவர்களுக்கு மரத்துப்போகிற ஊசி போதும். முந்தின இரவே சிஸ்டர் வந்து, ஆறு மணி நேரத்துக்கு முன்னால் சாப்பாட்டை நிறுத்த வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் தண்ணீரையும் நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். பிள்ளை பசியோடு கிடக்கிறானே என்று பாட்டி வீட்டிலிருந்து பாலைக் கொண்டுவந்து நீட்ட, அம்மா தட்டிப் பறிக்க, வார்டில் ஒரு சிறு சண்டை நடந்திருக்கிறது. அம்மா செய்ததுதான் சரி. வயிற்றில் பால் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும்.

ஆபரேஷன் முடிந்து பையன் திரும்பி வந்தபோது தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. காதின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் மருந்துப் பஞ்சு வைத்து, அதற்கு மேல் போட்ட கட்டு. மயக்கம் தெளிந்ததும் இரண்டு தரம் வாந்தி. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது அன்றிரவு. "வலிக்குதும்மா" என்றான் பையன். வலிக்கத்தான் செய்யும் என்று அம்மா தட்டிக்கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் "இந்தப் பக்கம் மட்டும் ரொம்ப வலிக்குது" என்று வலது பக்கத்தைத் தொட்டான். சிஸ்டர் மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்கவில்லை. நடு இரவில் டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, அவ்வளவு பாடுபட்டுப் போட்ட கட்டை அவிழ்த்துப் பார்த்தார்கள். தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருந்தது. அதை வெளியேற்றி, புதிதாகக் கட்டுப் போட்டார்கள். காலையில் வலி அடங்கிவிட்டது. குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் வருகிறது. நடுவில் ரத்தம் தேங்கி அந்தத் தொடர்பைப் பிரித்துவிட்டால் குருத்தெலும்பு செத்துப்போகும். கிருமியும் சேர்ந்துவிட்டால் காது சுருங்கி உருக்குலைந்துவிடும். இரண்டு காதும் ஒரே அளவு வலித்தால் அது பெரும்பாலும் அறுவையின் வலி. ஒரு காதில் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் கட்டைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும், நேரம் எதுவானாலும் சரி. பெயர்கூடத் தெரியாத அந்த சிஸ்டர் அன்று இதைச் சரியாகச் செய்தார்.

ஒரு வாரம் கழித்துக் கட்டு பிரித்த நாளில் நான் வராந்தாவில் இருந்தேன். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. காது இரண்டும் வீங்கி, கருநீலம் பாய்ந்து, தலையோடு அளவுக்கு மீறி ஒட்டிக் கிடந்தன. "இப்ப இருக்கிறத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க" என்றார் டாக்டரம்மா. வீக்கம் வடிய வாரங்கள் ஆகும். மரத்த உணர்வு சில மாதம் இருக்கும். அதனால் சுடுதண்ணீரிலும் வெயிலிலும் கவனம் வேண்டும். இரவில் ஒன்றரை மாதம்வரை தலையைச் சுற்றி ஒரு பட்டை கட்டிக்கொண்டு தூங்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கத்தில் தலையணையில் பட்டுக் காது முன்னுக்கு மடங்கித் தையல் அறுந்துவிடும். தலை வழியாகப் போடுகிற பனியன் வேண்டாம், பட்டன் சட்டை போதும். கபடி இந்தப் பருவத்துக்குக் கிடையாது. பையனுக்கு இதில் கபடிதான் பெரிய அடி.

அப்பத்தாவுக்கு வேலை சுலபமாக முடிந்தது. தொங்கிய வளையத்தின் உள்தோலைச் சீவி, உபரியை வெட்டி எடுத்து, மிச்சத்தைச் சின்ன மடலாக உருட்டித் தைத்தார்கள். "வலிச்சா சொல்லு பாட்டி" என்று கேட்டுக்கொண்டே செய்த பயிற்சி டாக்டரிடம், தன் கல்யாணத்தில் பாம்படம் எத்தனை பவுன் என்ற கதையை முழுக்கச் சொல்லி முடித்தாராம். மூன்று மாதம் கழித்து, தையல் விழுந்த கோட்டைத் தவிர்த்து வேறு இடத்தில் காது குத்திக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். ஐப்பசியில் நடந்த வேலை. தைக்குச் சரியாக இருக்கும். கனமில்லாத கல் கம்மல் ஒன்று போதும் என்று பேரனிடம் கறாராகச் சொல்லிவிட்டார். துப்பட்டாப் பெண்ணுக்கும் இதே அறிவுரைதான்: ஜிமிக்கி போட ஆசையிருந்தால் மாட்டலோடு போடு, பாரத்தைக் கூந்தல் தாங்கட்டும், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடு.

கடைசியாகப் பார்த்த நாளில் பையன் முடி வெட்டியிருந்தான். ஒட்ட வெட்டியிருந்தான். வலது காது இடதைவிட ஒரு நூல் முன்னால் நின்றது. எனக்குத் தெரிந்தது, அவன் கண்ணாடியில் அதைத் தேடியதாகத் தெரியவில்லை. பெஞ்சில் அப்பாவோடு உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் பேனாவைச் செருகி, அது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று பிரசவ வார்டிலிருந்து ஒரு குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிவந்தார்கள். பிறந்து எட்டு நாள். ஒரு காதின் மேல்பகுதி கீழே மடிந்து கிடந்தது. டாக்டரம்மா மெல்லிய ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை வளைத்து மடிப்புக்குள் பொருத்தி, காதைச் சரியான வடிவில் நிறுத்தி, மேலே பிளாஸ்டர் ஒட்டினார். மயக்கமில்லை, கத்தியில்லை, குழந்தை தூக்கத்தைக்கூட விடவில்லை. பிறந்த முதல் சில வாரங்களில் தாயிடமிருந்து வந்த ஹார்மோன் குழந்தையின் உடம்பில் மிச்சம் இருக்கும். அதுவரை காதின் குருத்தெலும்பு மெழுகுப் பதத்தில் இருக்கும், வைத்த வடிவில் நிற்கும். பிறகு இறுகிவிடும். பையனின் அம்மா நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவனுக்கும் அப்பவே இப்படிச் செஞ்சிருக்கலாமா?" டாக்டரம்மா தலையசைத்தார்.

உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் விரலை எண்ணுகிறீர்கள், மச்சம் பார்க்கிறீர்கள். இரண்டு காதுகளையும் பாருங்கள். மடங்கியோ விடைத்தோ இருந்து ஒரு வாரத்தில் தானாகச் சரியாகவில்லை என்றால், எண்ணெய் தேய்த்தால் போகும் என்று காத்திருக்க வேண்டாம்; மூன்று வாரம் முடிவதற்குள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.